காத்தான் வேஷமும் கணினிக் கதாநாயகனும்

பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு அபிப்பிராயங்கள் என் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. திரையிலே ஓடித் திரியும் ஓர் உருவத்தோடு மனிதனுக்கு ஆத்மார்த்தமான உறவு எப்படி உண்டாகும், அது வெறும் பொழுதுபோக்கு, அதுவும் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் பொழுதுபோக்கு என்பது ஒன்று. இதைப் பெரும்பாலும் என் வயதை ஒத்தவர்கள் சொல்கிறார்கள். அந்த உருவம் எங்களைப் போல இருந்தால், எங்கள் நிறமும் எங்கள் பாஷையும் எங்கள் ஊர்ச் சாயலும் அதற்கு வாய்த்திருந்தால் மாத்திரமே அதனோடு ஒன்ற முடியும் என்பது மற்றது. இதை இளையவர்கள், சிறப்பாக வெளிநாடுகளிலே வளர்ந்த எங்கள் பிள்ளைகள், வேதனையோடு சொல்கிறார்கள். முதலாவது கூற்றை நான் அடியோடு மறுக்கிறேன். இரண்டாவதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அது விஷயத்தின் வேர்வரை செல்லவில்லை என்பது என் எண்ணம். கரவெட்டியிலே பிறந்து, கோயில் வீதியில் பாய் விரித்து விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த ஒருவனுக்கு, பிறிதொருவராகி நிற்கும் அனுபவம் எங்கேயிருந்து பிறக்கிறது என்பதை அறிய நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

வடமராட்சியின் அம்மன் கோயில்களிலே காத்தவராயன் கூத்து வெறுங் கலைநிகழ்ச்சியாக ஆடப்படுவதில்லை, அது நேர்த்திக்கடன். பிள்ளைக்கு வருத்தம் மாறினால் கூத்து ஆடுவிப்பதாக நேர்ந்தவர்கள் உண்டு. தாமே வேஷம் கட்டி ஆடுவதாக நேர்ந்தவர்களும் உண்டு. ஆர்மோனியமும் மத்தளமும் உடுக்கும் ஒலிக்க, அண்ணாவியார் எடுத்துக் கொடுக்கும் சிந்துக்கு முன்னும் பின்னுமாக அடிவைத்துப் போகிற அந்தத் துள்ளுநடையை, முன்வரிசையிலே தூங்கி விழுந்து விழுந்து பார்த்த சிறுவர்கள் மறுநாளே ஒழுங்கையில் ஆடத் தொடங்கிவிடுவார்கள். இந்தக் கூத்திலே என்னை நெடுங்காலமாகச் சிந்திக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. காத்தவராயன் என்னும் ஒரே பாத்திரத்தை ஓர் இரவுக்குள்ளே பலர் ஏற்கிறார்கள். பாலகனாக ஒருவன் வருவான்; ஆதிக் காத்தானாக ஒருவன் வருவான்; பின் காத்தானாக இன்னொருவன் வருவான். ஒருவனுக்கு உயரம் கூட, மற்றவனுக்குக் குறைவு. ஒருவன் குரல் கணீரென்று இருக்கும், மற்றவன் குரல் அடைத்திருக்கும். ஆனாலும் சபையிலே இருக்கிற எவரும் 'இவன் வேறு ஆள்' என்று ஒரு கணமேனும் தயங்கிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. காத்தான் அங்கே இருக்கிறான். அவனைச் சுமக்கிற தோள்கள் மாறுகின்றன, அவ்வளவுதான்.

விடியற்புறத்தில் கழுமரம் ஏறுங் கட்டம் வரும். அந்தப் பாகத்தை ஏற்கிற மனிதன் அதற்கென்று விரதமிருந்தவன். பகலெல்லாம் தோட்டத்துக்கு இறைத்து, வெங்காயம் நட்டு, மண்வெட்டியால் காய்த்துப்போன உள்ளங்கைகளோடு அவன் அந்த மரத்தைப் பற்றி, ஒவ்வொரு படியாக நின்று நின்று பாடி ஏறும்போது, கீழே தாய்மார் கற்பூரம் கொளுத்திக் கைகூப்பி நிற்பார்கள். அவன் காத்தானை ஒத்தவனா என்று கேட்டால், குலமும் சரிதமும் சுபாவமும் எதுவுமே ஒத்தவனல்லன். ஆனால் ஏறுகிற கால்கள் அவனுடையவை. நடுங்குகிற முழங்கால் அவனுடையது. தவறி விழுந்தால் அடிபடப் போகிற உடம்பும் அவனுடையதே. ஒருவனுடைய விதியை இன்னொருவன் தன் கைகால்களால் செய்து முடிக்கும்போது அவ்விருவருக்கும் இடையே உண்டாகிற உறவு, முகச் சாயலினால் வருகிற உறவைவிடப் பன்மடங்கு உறுதியானது. கணினி விளையாட்டுகளைப் பற்றி நான் சொல்ல வந்த விஷயமும் இதுவே.

சாயல்தான் முக்கியம் என்று சொல்கிறவர்கள் காத்தான் கதையின் மற்றொரு பகுதியையும் யோசித்துப் பார்க்க வேண்டும். தாழ்ந்தவன் என்று ஊர் ஒதுக்கியவன், ஆரியமாலை என்னும் பிராமணப் பெண்ணை விரும்பியதற்காகக் கழுவேற்றப்படுகிற கதை அது. சாதியினால் வேலி போட்டு வாழ்ந்த எங்கள் சமூகத்திலே, அந்த வேலியைப் பகலில் காத்தவர்களே இரவில் காத்தானுக்காக அழுதார்கள் என்பது சிறிய விஷயமன்று. அழுதுவிட்டு விடிந்ததும் பழையபடி வேலிக்குள்ளே போய்விட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஒன்றுதல் ஒன்றே மனிதனைத் திருத்திவிடும் என்று நான் வாதிக்கவில்லை. 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்ததன் பின்னர், என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை' நாடகத்தைக் காத்தவராயன் கூத்தின் ஆட்டத்திலும் மெட்டிலும் வார்த்து, எங்கள் பக்கத்து நெல்லியடியின் அம்பலத்தாடிகள் ஊரூராக ஆடினார்கள். இளைய பத்மநாதன் முதலியோர் அந்த வடிவத்தையே தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். பிறனுக்காக அழுவதற்கு அந்த நடையும் அந்த மெட்டும் எங்கள் சனங்களை முன்னமே பழக்கி வைத்திருந்தன.

எங்கள் ஊர் மண்ணிலே பிறந்து, விக்னேஸ்வராக் கல்லூரியிலே படித்து, பின்னாளில் பேராசிரியரான கார்த்திகேசு சிவத்தம்பி, பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்னும் விஷயத்தை எடுத்துக்கொண்டு பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ந்து 1970இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். நாடகம் சடங்கின் மடியிலே பிறந்து, அதன் பிறகே தனிக் கலையாக வளர்ந்தது என்பதை அவர் விரிவாக எடுத்துக் காட்டினார். சடங்கிலே பார்ப்பவன், செய்பவன் என்ற பிரிவினை முற்றாக இல்லை; எல்லாரும் ஏதோ ஒரு வகையில் செய்பவர்களே. அந்தப் பிரிவினை ஏற்பட்ட பிறகுதான், மேடையில் இருக்கிறவன் படுகிற துயரம் சபையில் இருக்கிறவனுக்கு ரஸமாக மாறுவது எப்படி என்ற கேள்வி எழுந்தது. பரதரின் நாட்டிய சாஸ்திரத்துக்கு வியாக்கியானம் செய்த பட்டநாயகரும் அபிநவகுப்தரும் அதற்குச் சாதாரணீகரணம் என்ற விடையைத் தந்தார்கள்: இன்னாருடைய துயரம் என்ற எல்லை கரைந்து, துயரம் எல்லார்க்கும் பொதுவாகிவிடுகிறது என்பது அதன் சாரம். மேதாவிலாசமான விளக்கம். ஆனால் அது கைகட்டி உட்கார்ந்திருக்கும் ரஸிகனுக்குச் சொல்லப்பட்டது. கணினிக்கு முன்னால் இருப்பவனோ உட்கார்ந்திருந்தாலும் கைகட்டியவனல்லன். அவனே பார்ப்பவன், அவனே வேஷம் கட்டியவன், சில வேளைகளில் அவனே அண்ணாவியும் ஆகிறான். அவ்வகையில் அவன் நாடக அரங்கைவிடப் பழைய சடங்குக்கே அருகில் நிற்கிறான்.

இவ்வகை விளையாட்டுகளின் வரலாறும் உட்கார்ந்து பார்ப்பதில் தொடங்கவில்லை. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கணினியே இல்லாமல், நண்பர்கள் மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, வாயாலே கதை சொல்லி ஆடுகிற விளையாட்டு. கணினிக்கு அது வந்து சேர்ந்தபோது ஒரு சங்கடம் தோன்றியது. பாத்திரத்துக்கு யார் பேசுவது? 1986இல் வந்த ஜப்பானிய விளையாட்டான 'டிராகன் குவெஸ்ட்', கதாநாயகனை ஊமையாக்கி, பெயரையும் விளையாடுகிறவனே இட்டுக்கொள்ளும்படி விட்டது. வெறுமையாக இருக்கும் இடத்தில் அவன் தன்னையே வைத்துக்கொள்வான் என்பது நம்பிக்கை. அதற்குப் பின் வந்த காலத்தில் மூக்கின் நீளம், கண்ணின் நிறம், தாடையின் அகலம் வரை நாமே செதுக்கிக்கொள்ளும் வசதிகள் பெருகின. அந்த வசதிகளை நான் குறை கூறவில்லை. தன் கறுத்த முகத்தைத் திரையிலே முதன்முதல் கண்ட பிள்ளைக்கு அது எத்தனை பெரிய சந்தோஷம் என்பதை அறிவேன். என்றாலும், நம் முகத்தை ஒட்டிக்கொண்டதால் மட்டும் அந்த உருவம் நம்முடையதாகிவிடுவதில்லை. கண்ணாடியிலே தெரிகிற முகத்தோடு நமக்கு உறவு ஏற்படுவதில்லை அல்லவா?

இந்த உண்மையை மிக முந்தியே கண்டுகொண்டவர் என்று 'அல்டிமா' வரிசையை ஆக்கிய ரிச்சர்ட் கேரியட்டைச் சொல்வேன். 1985இல் வெளிவந்த அதன் நான்காவது பாகத்துக்கு 'அவதாரத்தைத் தேடி' என்ற பொருளிலேயே அவர் பெயர் வைத்தார். அவதாரம் என்ற சொல்லையும் நம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டார். அதிலே கொன்று முடிக்க வேண்டிய அரக்கன் ஒருவனும் இறுதியில் காத்திருக்கவில்லை. சத்தியம், கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டுக் குணங்களிலும் விளையாடுகிறவன் தேறவேண்டும், அதுவே லட்சியம். அந்த விளையாட்டிலே மூலிகை விற்கும் கடையொன்று வருகிறது. விற்கிறவளுக்குக் கண் தெரியாது. வாங்கிய மூலிகைக்கு உரிய காசை நீங்களே எண்ணி வைக்கும்படி அவள் சொல்வாள். பத்துக் காசு வைக்க வேண்டிய இடத்தில் ஒரு காசு வைத்தாலும் அவள் நன்றி சொல்லிப் பெற்றுக்கொள்வாள். காவலன் வரமாட்டான், மணி அடிக்காது, எந்தக் கெடுதியும் அப்போது நேராது. ஆனால் சத்தியத்திலே நீங்கள் குறைந்துபோனதை விளையாட்டு சத்தமின்றிக் குறித்து வைத்துக்கொண்டுவிடும். எவரும் காணாத இடத்தில் ஒரு குருட்டுப் பெண்ணின் முன்னால் காசு எண்ணுகிற அந்தக் கணத்தில், திரையிலே நிற்கிறவன் யார், நாற்காலியிலே இருக்கிறவன் யார் என்று பிரித்துச் சொல்லிவிட முடியுமா?

இதை வாசித்தறிந்தபோது எனக்கு நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ஞாபகம் வந்தது. காங்கேசன்துறையில் பிறந்து, வசந்தகான சபாவை நடத்தி, 1989இல் மறைந்த அந்த மகா கலைஞர், அரிச்சந்திரனாகி மயான காண்டத்தை யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் எண்ணற்ற இரவுகள் ஆடினார். கதையின் முடிவு தெரியாதவர் சபையில் ஒருவரும் இருந்ததில்லை. பொய் ஒன்று சொன்னால் எல்லாத் துன்பமும் தீரும் என்பது அரிச்சந்திரனுக்குத் தெரியும், வைரமுத்துவுக்குத் தெரியும், பாய் விரித்து இருந்த எங்கள் பாட்டிமாருக்கும் தெரியும். அந்தப் பொய்யை அவன் சொல்லமாட்டான் என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் போய்ப் போய்ப் பார்த்தார்கள். அரிச்சந்திரனை நாம் நினைந்துருகலாம். ஆனால் அவனுடைய இடத்தில் நின்று பொய் சொல்லிப் பார்க்கும் சுதந்திரம் நாடகத்தில் நமக்கு இல்லை. கேரியட்டின் விளையாட்டு அந்தப் பயங்கரமான சுதந்திரத்தைத் தந்துவிட்டு, உன் கையாலே நீ அரிச்சந்திரனாக இரு பார்ப்போம் என்கிறது.

போலந்து நாட்டு நிறுவனமொன்று 2014இல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' என்னும் விளையாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கறாராக வகைப்படுத்துகிறவர்கள் அதைப் பாத்திரமேற்பு வகையிலே சேர்க்கமாட்டார்கள். எனக்கு அந்த வகுப்புப் பிரிவில் அக்கறையில்லை. 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள் கிடந்த சரயேவோ நகரத்து மக்களின் வாழ்க்கையை ஆதாரமாகக் கொண்டு எழுந்த அந்த விளையாட்டிலே போர்வீரனாக ஆட இடமில்லை. இடிந்த வீடொன்றில் ஒதுங்கியிருக்கிற சாதாரண மனிதர் சிலரை நாம் காக்க வேண்டும். பகலில் துப்பாக்கிக்காரர் குறிபார்த்திருப்பதால் வெளியே போக முடியாது; அடுப்பு மூட்டலாம், கட்டில் செய்யலாம், மழைத்தண்ணீர் சேர்க்கலாம். இரவானதும் ஒருவர் மட்டும் வெளியே போய், கைக்கு அகப்பட்டதைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவரும் இடங்களில் ஒன்று, வயோதிபத் தம்பதிகள் இருவர் வாழ்கிற வீடு. அங்கே உணவும் மருந்தும் உண்டு. தடுப்பதற்கு ஒருவரும் இல்லை. அந்தக் கிழவர் பின்னாலே வந்து கெஞ்சுவார், அவ்வளவுதான்.

என் மருமகன், நெல்லியடியிலே இருக்கிற என் தங்கையின் மகன், யுத்தம் முடியும்போது கைக்குழந்தை. அவன் ஒரு மாலை கணினியை அணைத்துவிட்டு விறாந்தையிலே முகம் வாடி இருந்தான். என்ன தம்பி என்று கேட்டேன்.

"மாமா, ஒரு வயது போன ஆக்களின்ர வீட்டிலை மருந்து எடுத்துப்போட்டன். எங்கட வீட்டிலை ஒருத்தனுக்குச் சரியான வருத்தம், வேற வழியில்லை. எண்டாலும் செய்திருக்கக் கூடாது."

"அது விளையாட்டுத்தானே, தம்பி?"

"விளையாட்டுத்தான். ஆனா எடுத்தது நான்தானே, மாமா."

திரையிலே இருந்தவர்கள் கிழக்கு ஐரோப்பியப் பெயர்களைத் தாங்கிய வெள்ளைக்காரர். குளிர்கால அங்கி போட்டவர்கள், பனியிலே நடப்பவர்கள். எங்கள் பிள்ளைக்கும் அவர்களுக்கும் சாயலால் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அன்றிரவு சாப்பாட்டின்போது அவன், அதற்கு முன் ஒருபோதும் கேட்டிராத கேள்விகளை எல்லாம் கேட்டான். 1987ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி வடமராட்சி மீது 'ஒப்பரேஷன் லிபரேஷன்' இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள், பங்கருக்குள்ளே எத்தனை பேர் இருந்தீர்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டான். தங்கை, 1990க்குப் பின் மின்சாரமே இல்லாதிருந்த ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கிலே கொஞ்ச மண்ணெண்ணெயை எத்தனை இரவுக்குப் பிடித்து வைத்தோம் என்பதையும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டதையும், தானாகவே சொல்லத் தொடங்கினாள். பெற்ற மகனுக்கு அவள் அதுவரை சொல்லாத சங்கதிகள் அவை. கேட்கத் தெரிந்தவன் முன்னாலேதான் வாய் திறக்கிறது. சரயேவோவின் கிழவர் ஒருவரிடம் மருந்து எடுத்த குற்றம் அவனுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்திருந்தது. போலந்து அரசாங்கம் 2020இல் இந்த விளையாட்டைப் பாடசாலை மாணவர் படிக்கத்தக்க நூல்களின் பட்டியலிலே சேர்ப்பதாக அறிவித்தது. எங்கள் கல்வித் திணைக்களமும் ஒருநாள் இதுபோல் யோசிக்குமானால் நான் மனமார வரவேற்பேன்.

சாயலும் செயலும் ஒருங்கே அமைந்த விளையாட்டு ஒன்றும் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ரொறன்ரோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' சிறியது. ஒரே மாலையில் முடித்துவிடலாம். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழகத் தம்பதியரான வெண்பாவும் பாவலனும், அவர்களுடைய மகன் கவினும் அதன் பாத்திரங்கள். அம்மா கொடுத்த சமையற் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன இடங்களை நாம் ஊகித்து, இட்லித் தட்டுகளை ஆவி ஏறும்படி மாற்றி மாற்றி அடுக்க வேண்டும், புட்டுக்குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் முறையாக இட வேண்டும். அவர்கள் யாழ்ப்பாணத்தவர் அல்லர். எங்கள் வீட்டிலே புட்டு நீத்துப்பெட்டியில் அவிந்தது. ஆயினும், தாய் தமிழிலே கேட்க மகன் ஆங்கிலத்திலே விடையிறுக்கிற அந்தச் சமையலறையை ஸ்காபரோவிலே வாழ்கிற எங்கள் உறவினர் அறிவார்கள். 2024இல் அது பிரித்தானியாவின் பாஃப்டா விருதை முதற்படைப்புப் பிரிவில் பெற்றது. தமிழையே கேட்டறியாத எத்தனையோ தேசத்து மனிதர் வெண்பாவுக்காகக் கலங்கினார்கள்; இட்லியை முதல் தடவை அவர்கள் பிழையாக அடுக்கி, மறுபடி சரியாக அடுக்கியிருக்கிறார்கள். அந்தக் கைப்பிழையின் வழியாகவே அவள் அவர்களுக்கு உறவினள் ஆனாள் என்பது என் துணிபு.

பிழையைத் திருத்தி மீண்டும் ஆடலாம் என்றால் பொறுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1997இல் வந்த 'ஃபைனல் ஃபான்டசி'யின் ஏழாம் பாகத்திலே ஏரித் என்னும் பெண் நடுவழியிலே கொல்லப்படுகிறாள். எத்தனை முறை திரும்ப ஆடினாலும் அவளை மீட்க வழியில்லை. அது ஒருவகை விடை. டோபி ஃபாக்ஸ் 2015இல் ஆக்கிய 'அண்டர்டேல்' இன்னும் நுட்பமான விடை தருகிறது. அதன் தொடக்கத்திலே டோரியல் என்னும் தாயுள்ளம் கொண்ட ஜீவன் உங்களைக் காத்து வளர்க்க வருகிறாள். வெளியேற வேண்டுமானால் அவளை எதிர்த்து நிற்க வேண்டும். அவசரத்தில் அவளைக் கொன்றுவிட்டு, மனம் பொறுக்காமல் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் இந்த முறை கொல்லாமல் விட்டீர்களானால், அவள் ஒன்றும் அறியாதவளாக உங்களை அணைத்து வழியனுப்புவாள். வாசலிலே இன்னொரு பாத்திரம் நிற்கும். நீ முன்பு என்ன செய்தாய் என்பது எனக்குத் தெரியும் என்று அது சொல்லும். எங்கள் காத்தானும் வருஷந்தோறும் கழுமரம் ஏறுகிறான். திரும்ப நிகழ்வதனாலே அந்த ஏற்றம் பாரம் குறைந்து போனதாக எந்தத் தாயும் கற்பூரத்தை அணைத்துவிட்டுப் போனதில்லை.

இவ்வளவும் எல்லா விளையாட்டுகளுக்கும் பொருந்தும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. புள்ளி சேர்ப்பதற்கும், காசு கொடுத்து வாளும் உடுப்பும் வாங்குவதற்குமே அமைக்கப்பட்ட விளையாட்டுகள் மலிந்து கிடக்கின்றன. அவற்றிலே பாத்திரம் என்பது ஒரு கைபிடி மாத்திரமே. பிள்ளைகள் அவற்றிலே இரவு பகலாய்க் கிடப்பது எனக்கும் கவலை தருகிறது. ஆனால் நல்லதையும் கெட்டதையும் ஒரே வசவினால் அடித்து விரட்டுகிற பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்: கணினியை நிறுத்தச் சொல்வதற்கு முன்னர், இன்றைக்கு யாராக இருந்தாய், என்ன செய்தாய் என்று பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு விண்ணப்பம் எங்கள் ஊரவர்க்கு. கணினி நிரலாக்கம் கற்ற இளைஞர்கள் இன்று வடமராட்சியிலே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். காத்தான் கதையை, வேஷம் கைமாறுகிற அந்த அற்புதத்தோடு, ஒரு விளையாட்டாக ஆக்க அவர்களால் முடியும். ஆனால் பாட்டும் வரவும் தருவும் எழுதிய பழைய கூத்துக் கொப்பிகள் இல்லாமல் அவர்கள் எதைக் கொண்டு ஆக்குவார்கள்? அண்ணாவிமார் இருந்த வீடுகளிலே, பரண்மேலும் பெட்டகத்திலும் அத்தகைய கொப்பிகள் இன்னும் கிடக்கின்றன. கறையான் முந்திக்கொள்வதற்கு முன் அவற்றை எடுத்துத் தூசி தட்டி, நூலகம் நிறுவனத்தாரிடம் கொடுத்துப் பிரதி எடுக்கச் செய்யுங்கள். அதற்கு வழி தெரியாதவர்கள் எனக்கு எழுதுங்கள், நானே வந்து படமெடுத்துத் தருகிறேன்.